தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்: ஒரு கடைநிலை ஊழியனின் வேண்டுகோள்

இஷாத் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் அந்த அழைப்பு வந்தது. வீடொன்று எரிகிறது என்றார்கள். ஒரு நிமிடம் கடப்பதற்குள் வண்டியில் ஏறிவிட்டோம். பிரதான வீதியில் தடையில்லை. ஆனால், ஒழுங்கைக்குள் திரும்ப முடியவில்லை. ஒரு பக்கம் கட்டட வேலைக்காகக் கொட்டிய மணல், மறுபக்கம் யாரோ நிறுத்திவிட்டுப் போன வேன். வேன்காரரைத் தேடிக் கொண்டிருக்க நேரமில்லை. ஹோஸ் சுருள்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒன்றோடொன்று பொருத்தித் தண்ணீர் வரும்போது இரண்டு அறைகள் போய்விட்டன.

அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை. பக்கத்து வீட்டுப் பொடியன்மார் பின்மதிலை உடைத்து எல்லோரையும் வெளியே எடுத்திருந்தார்கள். ஆனால், மகளின் கலியாணத்துக்கென அந்த உம்மா வருடக்கணக்காகச் சேர்த்த சாமான்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. "இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே தம்பி" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மணலையும் வேனையும் பற்றி அந்த நேரத்தில் அவரிடம் எப்படிச் சொல்வது?

அன்று சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். வாவிக்கரையிலுள்ள உள்ளூராட்சி சபையொன்றின் தீயணைப்புப் பிரிவில் நான் மிகக் கீழ்நிலை ஊழியன். நிறுவனத்தின் சார்பில் பேச எனக்கு அதிகாரம் இல்லை. கண்டதையும் கற்றதையும் மட்டுமே சொல்கிறேன்.

இந்த வேலை எப்படிப்பட்டது?

தீயணைப்பு வீரர் என்றதும் தீக்குள் பாய்கிறவர் என்றே பலர் நினைக்கிறார்கள். கடைநிலை ஊழியனின் நாளில் பெரும்பகுதி கழுவுவதிலும் சரிபார்ப்பதிலும் கழிகிறது. கடமை மாறும் ஒவ்வொரு தடவையும் வண்டியை இயக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர்த் தாங்கி நிரம்பியிருக்கிறதா, பம்பி வேலை செய்கிறதா, ஹோஸில் ஓட்டை இருக்கிறதா, மூச்சுக் கருவியின் சிலிண்டரில் காற்று போதுமா என்று பார்க்க வேண்டும். நேற்று நனைந்த ஹோஸைக் கழுவிக் காயவைத்துச் சுருட்டாவிட்டால் நாளை அது கிழியும். அது கிழியும் இடம் யாருடைய வீட்டு வாசலாக இருக்கும் என்பது அல்லாஹ்வுக்கே தெரியும்.

இலங்கையில் தீயணைப்புச் சேவை பொலிஸைப் போன்று கொழும்பிலிருந்து நடத்தப்படுவதில்லை. பெரும்பாலும் மாநகர, நகர சபைகளே அதைக் கொண்டு நடத்துகின்றன. எல்லாச் சபைகளிடமும் அந்த வசதி இல்லை. கிழக்கில் மட்டக்களப்பு, கல்முனை போன்ற மாநகர சபைகளின் பிரிவுகள் தமது எல்லைக்கு வெளியேயும் ஓட வேண்டியிருக்கிறது. காத்தான்குடியில் கடையொன்று தீப்பற்றினால் மட்டக்களப்பு வண்டிக்குத்தான் பெரும்பாலும் அழைப்புப் போகிறது.

வண்டி வந்தாலே தீ அணைந்துவிடும் என்பது இன்னொரு தப்பெண்ணம். 4,000 லீற்றர் கொள்ளும் ஒரு தாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹோஸில் நிமிடத்துக்கு 400 லீற்றர் பாய்ந்தால் 10 நிமிடத்தில் தண்ணீர் முடிந்துவிடும். இரண்டு ஹோஸ் பிடித்தால் 5 நிமிடம். அதற்குள் பவுசர் வர வேண்டும். அல்லது கிணற்றிலோ வாவியிலோ இருந்து உறிஞ்ச வேண்டும். வாவி பக்கத்தில்தானே இருக்கிறது என்பார்கள். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவிதான். ஆனால், கரையோரம் ஆழம் குறைவு. ஆற்றுவாழையும் சேறும் உறிஞ்சு குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். உவர் நீர் என்பதால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் பம்பியைக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் துரு தின்றுவிடும். 

புகைக்குள் யாரும் தனியாகப் போவதில்லை. இரண்டு பேராகப் போவோம். கண் தெரியாது. சுவரை ஒரு கையாலும் கூட வருபவரை மறு கையாலும் தொட்டுக்கொண்டு நகர்வோம். எனது ஜோடி ஒரு தமிழ்ச் சகோதரர். அவரது உயிர் என் கையிலும் எனது உயிர் அவர் கையிலும் இருக்கிறது. கசப்பான பல சம்பவங்களைக் கண்ட இந்த மாவட்டத்தில், மேடைப் பேச்சில்லாமல் இன ஒற்றுமையை நான் படித்த இடம் அந்தப் புகைதான்.

முதல் பத்து நிமிடங்கள்

இன்றைய வீடுகளில் பஞ்சு மெத்தை, சோபா, பிளாஸ்டிக் பொருட்கள் நிறைந்திருக்கின்றன. இத்தகைய அறையொன்றில் பற்றும் தீ 5 நிமிடத்துக்குள் அறை முழுவதையும் ஒரேயடியாகப் பற்றவைக்கக்கூடும் என்று பரிசோதனைகள் காட்டியுள்ளன. அதன் பிறகு உள்ளே இருப்பவர் பிழைப்பது மிக அரிது.

இனி எமது பக்கத்தைப் பாருங்கள். மட்டக்களப்பு நகரிலிருந்து காத்தான்குடி சுமார் 6 கிலோமீற்றர். 1924இல் கட்டிய கல்லடி இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் வாகனம் போகலாம் என்றிருந்த காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டதால் அந்தத் தடை நீங்கியது. ஆனாலும் அழைப்பை எடுத்து, வண்டி புறப்பட்டு, நெரிசலைக் கடந்து வந்து சேர 10 நிமிடம் ஆகிவிடும். தீக்கு 5 நிமிடம் போதும், எங்களுக்கு 10 நிமிடம் வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பக் கூடியவர்கள் அந்தத் தெருவில் இருப்பவர்கள் மட்டுமே.

பாலம் அகன்றது, ஒழுங்கை அகலவில்லை. நமது வழக்கத்தில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு கொடுக்கிறோம். உம்மாவின் வளவில் மூத்த மகளுக்கு ஒரு வீடு, அதன் பின்னால் இளையவளுக்கு ஒரு வீடு என்று காணி துண்டாகிக்கொண்டே போகிறது. பின்வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் மட்டுமே போகக்கூடிய ஒரு பாதை மிஞ்சுகிறது. சுற்றிலும் உயர்ந்த மதில். ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. கேற்றுக்கு உள்ளே பூட்டு. மகளைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் நல்ல வழக்கம் இது. கள்வனுக்கும் பிறர் பார்வைக்கும் பயந்துதான் மதிலும் கம்பியும். ஆனால், தீ நேரத்தில் இவையே வெளியேற விடாமல் அடைக்கின்றன. வழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. ஒரு ஜன்னல் கம்பியையாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக வையுங்கள். சாவி இருக்கும் இடம் வீட்டிலுள்ள சிறு பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். ஒழுங்கையின் வாயில் மணல், கல், வாகனம் எதையும் இரவில் விட்டுவைக்காதீர்கள். கலியாண வளைவு கட்டும்போது ஒரு லொறி நுழையும் உயரத்தில் கட்டுங்கள்.

வீட்டில் என்ன செய்வது?

நோன்பு காலத்தில் இப்தாருக்கு முந்திய ஒரு மணித்தியாலம் எங்களுக்குக் கவலையான நேரம். ஒரு பக்கம் கஞ்சி, மறுபக்கம் கொதிக்கும் எண்ணெயில் சமோசா. தாச்சி தீப்பற்றினால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். எரியும் எண்ணெயை அது முகட்டுக்குத் தூக்கியெறியும். அடுப்பை அணையுங்கள். மூடியால் தாச்சியை மூடுங்கள். மூடி இல்லாவிட்டால் நனைத்துப் பிழிந்த தடித்த துணியை உங்கள் பக்கமிருந்து மெதுவாகப் போர்த்துங்கள். தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

2021 இறுதியில் நாடெங்கும் சமையல் எரிவாயு வெடிப்புகள் நடந்ததும் சனங்கள் பயந்து விறகுக்கு மாறியதும் நினைவிருக்கும். அந்த வாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் மணம் சேர்க்கிறார்கள். மணம் வந்தால் லைற்றைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஒரு சின்னப் பொறி போதும். சிலிண்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறிய பின் தொலைபேசியை எடுங்கள்.

மின்சாரத் தீ என்றால் பிரதான ஆளியை நிறுத்தாமல் தண்ணீர் தொடக்கூடாது. தீ விபத்தில் சுவாலையை விடப் புகைதான் அதிகமானோரைக் கொல்கிறது. சூடான புகை மேலே நிற்கும், தரையோரம் காற்று இருக்கும். ஆகவே குனிந்து, தவழ்ந்து வெளியேறுங்கள். வெளியே வந்தவர் நகைக்காகவோ காணி உறுதிக்காகவோ திரும்ப உள்ளே போகக்கூடாது.

110 என்ற அவசர இலக்கத்தோடு, உங்கள் ஊருக்கு வண்டி அனுப்பும் நிலையத்தின் நேரடி இலக்கத்தையும் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். அழைக்கும்போது வீதியின் பெயரைச் சொல்லுங்கள். பக்கத்திலுள்ள பள்ளிவாசலைச் சொல்லுங்கள். ஒருவரைப் பிரதான வீதிக்கு அனுப்பி வண்டிக்கு வழிகாட்டச் செய்யுங்கள். இந்த ஒரு காரியம் எங்களுக்குப் பெறுமதியான நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

சங்கடமான ஒன்றையும் சொல்ல வேண்டும். புகை வரும் வீட்டு வாசலில், "உள்ளே பெண்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள்" என்று எங்களை நிறுத்தியவர்கள் உண்டு. அந்த மானவுணர்வை நான் மதிக்கிறேன், நானும் அப்படியான வீட்டில் பிறந்தவன்தான். ஆனால், நிர்ப்பந்தமான நேரத்தில் தடுக்கப்பட்டதும் ஆகுமாகும் என்ற பிக்ஹுச் சட்ட விதியை நமது ஆலிம்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். கட்டிலருகே ஓர் அபாயாவைத் தொங்கவிட்டால் அந்த ஒரு நிமிடத் தயக்கமும் இருக்காது.

ஊரின் பொறுப்பு

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு ஆட்களோடு எரிந்துபோனது. அந்தச் செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு மனிதனுக்கு எதிரி என்றும் உறங்கப் போகுமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியிருக்கிறது. 1,400 வருடங்களுக்கு முந்திய இந்த அறிவுரையை, அடுப்பையும் நுளம்புச் சுருளையும் தொலைபேசி சார்ஜரையும் பார்த்துவிட்டுப் படுக்கும் பழக்கமாக நமது வீடுகளில் ஆக்கினாலே பல அழைப்புகள் எங்களுக்கு வராது.

ஜனாஸாவைக் குளிப்பாட்டி, தொழுவித்து, அடக்குவது பர்ளு கிபாயா. ஊரில் சிலர் செய்தால் மற்றவர்கள் மீதான கடமை நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. இதை விளங்கியதால்தான் நமது ஊர்களில் ஜனாஸா நலன்புரி அமைப்புகள் இருக்கின்றன. நடுச்சாமத்தில் அழைத்தாலும் இளைஞர்கள் வந்து நிற்கிறார்கள். 2021 மார்ச் மாதம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் கொவிட் ஜனாஸாக்களை அடக்க அனுமதி கிடைத்தபோது, நோய்க்கு அஞ்சாமல் முன்வந்தவர்களும் நமது மாவட்டத்துப் பிள்ளைகள்தான். ஆக, நம்மிடம் துணிவுக்கோ ஒழுங்கமைப்புக்கோ குறைவில்லை.

இறந்தவருக்காக இவ்வளவு ஆயத்தமாக இருக்கும் ஊர், எரியும் வீட்டுக்குள் உயிரோடு இருப்பவருக்காக ஏன் ஆயத்தமாக இல்லை? பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒவ்வொன்றும் பத்து இளைஞர்களைத் தெரிவுசெய்து, பக்கத்துத் தீயணைப்புப் பிரிவிடம் பயிற்சி கேட்கலாம். பள்ளிவாசலில் இரண்டு தீயணைப்புக் கருவிகள், ஒரு நீண்ட ஏணி, கிணற்றிலிருந்து இறைக்க ஒரு சிறிய பம்பி வைக்கலாம். மணற்பாங்கான நமது ஊர்களில் கிணறுகளில் தண்ணீர் அதிக ஆழத்தில் இல்லை. ஒலிபெருக்கி ஏற்கனவே இருக்கிறது. பெண்கள் மத்ரஸாக்களில் தாச்சித் தீயை மூடி அணைக்க ஒரு நாள் செய்துகாட்டினால் போதும்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆட்சேர்ப்பு அறிவித்தல் வந்தால் இந்த வேலையைக் கணக்கிலெடுங்கள். சம்பளம் பெரிதல்ல. அமைய ஊழியராகவே வருடங்கள் போகலாம். பெருநாள் தினத்திலும் கடமை இருக்கும். எனக்குப் பெண் பேசப் போன இடத்தில், "கந்தோர் வேலை ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார்கள். ஆனால், ஓர் உயிரை வாழவைப்பதைப் பற்றி அல்மாயிதா அத்தியாயம் சொல்வதை ஓதியிருக்கிறோம். அந்த வசனத்தைக் கையாலே செய்து பார்க்கும் பாக்கியம் எத்தனை தொழிலில் கிடைக்கும்?

அந்த உம்மாவை அண்மையில் கடைத்தெருவில் கண்டேன். வீட்டைத் திரும்பக் கட்டுகிறார்களாம். மணலை எங்கே கொட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "வளவுக்குள்ளேதான் தம்பி" என்றார்.

அல்லாஹ் நமது வீடுகளையும் அயலவர்களின் வீடுகளையும் பாதுகாப்பானாக.