சாமி இல்லை என்பவர் சகுனம் பார்க்கலாமா?

கீழ்பென்னாத்தூரில் பேருந்து ஏறி மேற்கே போனால் திருவண்ணாமலை, கிழக்கே போனால் செஞ்சி. ஆத்திகம், நாத்திகம் என்ற சொற்களின் பொருளைப் பிடிக்க இந்த ஒரு சாலை போதும்.

கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி மலை உச்சியில் தீபம் ஏறும்போது, வாசலில் நின்று அந்தத் திசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர் என்ன நம்புகிறார்? உலகைப் படைத்துக் காக்கிற ஒருவன் இருக்கிறான், நம் குரல் அவனுக்குக் கேட்கும் என்று நம்புகிறார். அதுதான் ஆத்திகம்.

இனி கிழக்கே வாருங்கள். செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில் ஒரே பாறையில் சமணரின் 24 தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அதே குன்றில் ஒரு பழங்கல்வெட்டு உண்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் விட்ட இடம் இது என்கிறது. யாரை நினைத்து அந்த நோன்பு? சமணம் உலகுக்குப் படைப்பாளி உண்டு என்று ஏற்பதில்லை. உயிரில் ஒட்டிய வினையைத் தேய்த்துப் பிறவியை அறுக்கத்தான் அவர் பசித்துக் கிடந்தார். உயிர் உண்டு, மறுபிறவி உண்டு, தேவர் உண்டு, நரகம் உண்டு. படைத்தவன் மட்டும் இல்லை. மேல்சித்தாமூரில் மடம் வைத்து வாழும் தமிழ்ச் சமணரின் கொள்கை இன்றும் இதுதான்.

ஆக, கேள்விகள் இரண்டு. கடவுள் உண்டா என்பது ஒன்று. இயற்கையின் விதிகளுக்கு அடங்காத எதுவும் உண்டா என்பது இன்னொன்று. பேய், பில்லிசூனியம், கண்ணேறு, ராசிபலன், மறுபிறவி எல்லாம் இரண்டாவதில் சேரும். முதல் கேள்விக்கு இல்லை என்றவர் இரண்டாவதற்கு ஆம் என்றால் அதில் முரண் எதுவும் இல்லை. சாமி கும்பிடாதவர் ராகுகாலம் பார்த்தாலும் நாத்திகர்தான். பகுத்தறிவாளர் என்று மட்டும் அவரைச் சொல்ல முடியாது.

இந்தச் சொற்களைச் சுற்றிய குழப்பத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. வடமொழி மரபில் நாத்திகர் என்றால் வேதத்தை ஏற்காதவர். அதனால் சமணரும் பௌத்தரும் நாத்திகர் ஆனார்கள்; படைப்பாளி தேவையில்லை என்ற சாங்கியரும் மீமாம்சகரும் ஆத்திகப் பட்டியலிலேயே இருந்தார்கள்.

இரண்டு கேள்விக்கும் இல்லை என்றவர்கள் தமிழுக்குப் புதியவர்கள் அல்லர். மணிமேகலையில் சமயவாதிகளோடு, பூதங்களின் சேர்க்கையே எல்லாம் என்ற பூதவாதியும் வந்து பேசுகிறான். 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து ‘தத்துவ விவேசினி’ என்ற நாத்திக இதழ் வெளிவந்தது. 1925இல் பெரியார் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கினார். இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், அற்புத சக்தியைச் சோதனையில் மெய்ப்பித்தால் 1 லட்சம் ரூபாய் என்று அறைகூவினார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை.

‘உண்டா இல்லையா, தெரியாது’ என்பவரையும் நாத்திகர் என்று அடைக்க வேண்டாம். அது தனி நிலை, நேர்மையான நிலை.

அடுத்த முறை ஒருவர் ‘எனக்கு நம்பிக்கை இல்லை’ என்றால், அவரோடு வாதாடப் போகுமுன் எதில் நம்பிக்கை இல்லை என்று கேளுங்கள்.