சாலை வந்தால் வயல் ஏன் மனையாகிறது?

அரசாங்கம் சாலையிட, அதன் ஓரத்து நிலத்தைத் தனியார் வாங்கி விற்கும் கலப்புப் பொருளாதாரத்தில், எந்த வயல் மனையாகும் என்று முன்கூட்டி அறிவது எப்படி?

பிரயாண நேரம் குறைந்த இடத்தை மக்கள் நாட, நிலவிலை ஏறுகிறது; பெருகும் வண்டிகள் மறுபடியும் அகலமான சாலை கேட்கின்றன. இத்தகைய தொடர்பைக் கணிதமாக்க முயன்ற ஆய்வாளர் ஐரா லவுரி, 1964-இல், பிட்ஸ்பர்க் நகரில் வேலையிடங்களைச் சுற்றிக் குடிகளையும், குடிகளைச் சுற்றிக் கடைகளையும் பங்கிட்டு, தொகை நிலைபெறும் வரை திரும்பத் திரும்பக் கணக்கிட்டார்.

படாளத்தில் நெடுஞ்சாலையை விட்டு வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குத் திரும்பும் வழிக்கும் சாலை, நிலவிலை பற்றிய இத்தொடர்பு பொருந்தும். ஆயினும், பறவைகளின் எச்சத்தால் உரமேறிய ஏரிநீர் நெல்வயலுக்குச் செய்யும் உபகாரத்துக்குச் சந்தையில் விலையில்லாமையால், கணக்கு அதைத் தானாகக் காணாது. ஆகவே, 1998-இல் ஏரியைச் சுற்றி அறிவிக்கப்பட்ட 5 கிலோமீட்டர் சரணாலய எல்லையை மாறாத நிபந்தனையாக முதலில் பதித்து, பிறகே சாலையின் லாபத்தை எண்ணுதல் திட்டமிடுவோரின் தர்மம்.