கண்டுபிடித்த பிறகும் போகாத 1,927 பேர்

1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய வாய்ப்புற்றுப் பரிசோதனை ஆய்வின் கணக்கு இது. எல்லோரும் 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். பரிசோதனைக்கென ஒதுக்கிய பகுதிகளில் 96,517 பேர். வழக்கமான வைத்தியத்தோடு விட்ட பகுதிகளில் 95,356 பேர். வாயைப் பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி கொடுத்து அனுப்பிய பட்டதாரிகள். மூன்று ஆண்டுக்கு ஒரு சுற்றாக மூன்று சுற்று. மொத்தச் செலவு ஒரு ஆளுக்கு 6 டாலருக்குள் அடங்கிவிட்டது.

செலவு இவ்வளவு குறைந்ததற்குக் காரணம், இது கண்ணால் பார்க்கிற சோதனை என்பதுதான். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்ல வேண்டும். உதட்டைப் புரட்டி, கன்னத்தை விரலால் விலக்கி, கடைவாய் வரை வெளிச்சம் அடிக்க வேண்டும். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரங்களையும், மேலே தூக்கச் சொல்லி அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பிறகு அண்ணம். கடைசியாகக் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

சாதாரண வாய்ப்புண் பெரும்பாலும் 10 மி.மீ.க்குள் இருக்கும், வலிக்கும், 7 முதல் 14 நாளில் ஆறிவிடும். 2 வாரம் தாண்டியும் ஆறாத புண்ணை மருந்து தடவிக்கொண்டே தள்ளிப்போடக் கூடாது. வெள்ளையாகப் படிந்திருப்பது துணியால் துடைத்தால் வந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. வராவிட்டால் புற்றாக மாறக்கூடிய வெண்படலமா என்று டாக்டர் பார்க்க வேண்டும். சிவந்த திட்டு அதைவிட ஆபத்தானது. பாக்கு, பான் மசாலா போடுகிறவருக்குக் காரம் பட்டாலே வாய் எரிகிறது, மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்க முடியவில்லை என்றால், வாயின் உள்தோலுக்கு அடியில் உள்ள திசு நாராக இறுகத் தொடங்கியிருக்கலாம். முதல் நிலைப் புற்று 2 செ.மீ.க்கு மேல் இருக்காது. பல நேரம் வலியும் இருக்காது. வலிக்கவில்லையே என்ற தைரியம்தான் ஆளைக் கொல்கிறது.

2005-ல் வெளியான முடிவு: பரிசோதித்த பகுதிகளில் வாய்ப்புற்று 205, சாவு 77. மற்ற பகுதிகளில் புற்று 158, சாவு 87. தேடிப் பார்த்த இடத்தில் நோய் கூடுதலாகத் தென்படுவது இயல்பு. கவனிக்க வேண்டியது சாவுக் கணக்கை. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் உறுதியானதல்ல. புகையிலையோ மதுவோ பழகியவர்களை மட்டும் எடுத்தால் 70-க்கு 85. சாவு விகிதம் 34 சதவீதம் குறைவு, இது உறுதியானது. இரு பக்கமும் இறந்த 164 பேரில் 155 பேர் இந்தப் பழக்கம் உள்ளவர்கள். பின்னர் வந்த செலவுக் கணக்கின்படி, ஓர் ஆயுள் ஆண்டைக் காப்பாற்ற எல்லோரையும் சோதித்தால் 835 டாலர், பழக்கம் உள்ளவர்களை மட்டும் சோதித்தால் 156 டாலர். பணம் குறைவான ஊரில் யாரிடம் முதலில் போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

என்னை உறுத்துவது வேறொரு வரி. ஒரு முறையாவது பரிசோதிக்கப்பட்டவர்கள் 87,655 பேர். சந்தேகம் என்று குறித்து மேல்சோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள் 5,145 பேர். போனவர்கள் 3,218. மீதி 1,927 பேர், அதாவது 37 சதவீதம், போகவே இல்லை. வீட்டு வாசலுக்கு வந்து பார்த்துச் சொன்ன பிறகும் இந்த நிலை. வலிக்காத ஒரு திட்டுக்காக ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நிற்க எத்தனை பேருக்கு முடியும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திட்டம் போடுகிறவர்கள் இந்த இடத்தில் செலவழிக்க வேண்டும்.

2022-க்கான மதிப்பீட்டில் இந்தியாவில் உதடு, வாய்ப் புற்று புதிதாக 1,43,759 பேருக்கு, சாவு 79,979. 30 முதல் 65 வயது வரை உள்ள எல்லோருக்கும் 5 ஆண்டுக்கு ஒரு முறை வாயைப் பார்க்க வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். அந்தப் பரிசோதனையைக் குறிக்கும் பதிவேட்டில் இன்னும் ஒரு கட்டம் வேண்டும்: அனுப்பியவர் போய்ச் சேர்ந்தாரா? சந்தேகம் என்று எழுதிய அன்றே பயாப்ஸிக்குத் தேதி குறித்து, பஸ் கட்டணத்தையும் அன்றைய கூலியையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பலாம். வராதவரைத் தேடி அதே சுகாதாரப் பணியாளர் இன்னொரு முறை அந்த வீட்டுக்குப் போகலாம்.