சார்பும் சங்கப் பேரேடும்

கைலி நெசவுக்குப் பெயர்பெற்ற குறிஞ்சிப்பாடியில் தறியில் அமரும் எவரும் நூலின் நம்பரை அறிவர். ஒரு ராத்தல் நூலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை அடங்குமோ, அதுவே அந்நூலின் நம்பராகும். எனவே ஒரு ராத்தலில் 20-ஆம் நம்பர் நூல் 16,800 கெஜமும், 40-ஆம் நம்பர் நூல் 33,600 கெஜமும் இருக்கும். இவற்றை (20, 16800), (40, 33600) எனச் சோடிகளாக எழுதலாம்.

இத்தகைய சோடிகளின் தொகுதியையே கணக் கொள்கையில் வரைபடம் என்பர். கட்டத்தாளில் புள்ளிகளிட்டுக் காட்டாவிடினும் அது வரைபடமே. சோடியில் எது முன், எது பின் என்பது முக்கியம். அவ்வரிசையையும் கணங்களைக் கொண்டே வரையறுக்கும் எளிய வழியைப் போலந்துக் கணித அறிஞர் குராட்டோவ்ஸ்கி 1921-இல் காட்டினார்.

சோடிகளின் எத்தொகுதியும் ஓர் உறவாகும். முதலுறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரே இரண்டாமுறுப்பு அமையின், அவ்வுறவு சார்பு எனப்படும். ஒரு நெசவாளர் இருவகை நூலில் நெய்யலாம். ஓர் உழவர் ஒரே நிலத்தில் மணிலாவும் உளுந்தும் விதைக்கலாம். இவை உறவுகள்; சார்புகள் அல்ல. ஆனால் அங்கத்தினர் எண்ணும், குறித்த நாளில் அவருடைய பங்குத்தொகையும் சார்பாகவே அமைதல் வேண்டும். பலருக்கு ஒரே தொகை இருப்பின் குற்றமில்லை. ஓர் எண்ணுக்கு இரு தொகைகள் காணப்படின் கணக்கில் பிழையுண்டு.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இரட்டைப் பதிவை, எழுதப்பட்ட சோடிகளைக் கொண்டே கண்டுவிடலாம். விடுபட்ட அங்கத்தினரை அவ்வாறு காண இயலாது. அவர் பெயரில் சோடியே இல்லை அன்றோ? போனஸ் பட்டியலின் கூட்டுத்தொகை சரியாக இருக்கும். வழங்கிய பணமும் ஒத்துப்போகும். ஆயினும் ஒரு நெசவாளர் வெறுங்கையுடன் நிற்பார். இதனாலன்றோ கணித நூலார், எந்தக் கணத்தின்மீது அமைந்த சார்பு என்பதையும் உடன் கூறுகின்றனர்! அக்கணத்திற்கு மதிப்பகம் என்று பெயர். நம் சங்கங்களில் அங்கத்தினர் பதிவேடே அந்த மதிப்பகம்.

ஆகவே பட்டியலைக் கூட்டிப் பார்த்த அளவில் நிர்வாகத்தினர் மனநிறைவு கொள்ளலாகாது. பதிவேட்டின் முதல் எண்ணிலிருந்து தொடங்கி, நடப்பிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் பட்டியலில் தேடிக் குறியிட வேண்டும். தொகை பெற உரிமையற்றவர் எனில், அதன் காரணத்தையும் எழுதுதல் வேண்டும். அங்கத்தினர்களும் பொதுப்பேரவைக்கு முன்னரே தத்தம் பாஸ் புத்தகத்தைப் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.