எரிவாயுக் கலவையும் சுடர் வேகமும்

சுடர் வேகம் என்பது, இன்னும் எரியாத எரிபொருள்-காற்றுக் கலவைக்குள் சுடர் எவ்வளவு விரைவாக முன்னேறுகிறது என்பதன் அளவு ஆகும். தீப்பொறியால் இயங்கும் எரிவாயு எந்திரங்களின் திறனும் புகையின் தன்மையும் இதைச் சார்ந்துள்ளன.

எந்திரத்தில் இதன் பங்கு

நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் எந்திரம் ஒரு சுற்றை 40 மில்லி நொடியில் முடிக்கிறது. அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பெரும்பாலான வாயு எரிந்துவிட வேண்டும். சுடர் மெதுவாகப் பரவினால், பிஸ்டன் கீழிறங்கிய பின்னும் எரிதல் தொடர்ந்து வெப்பம் வீணாகும். மிக விரைவாகப் பரவினால், மேலேறும் பிஸ்டனை அழுத்தம் எதிர்க்கும். ஆகவே மெதுவாக எரியும் வாயுவுக்குத் தீப்பொறியை முன்கூட்டியும், விரைவாக எரியும் வாயுவுக்குச் சற்றுத் தாமதமாகவும் தர வேண்டும்.

வாயுக்களின் இயல்பு

முழுமையாக எரியத் தேவையான காற்றுடன் சேர்ந்து, அமைதியான நிலையில், மீத்தேனின் சுடர் வேகம் நொடிக்குச் சுமார் 40 செ.மீ.; ஐதரசனுடையது 2 மீட்டருக்கும் மேல். உருளைக்குள் கலவை கொந்தளிப்பதால் சுடர் இதைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவும்.

ஐதரசன் அணு ஆக்சிசனைத் தாக்கும்போது, வினையைத் தொடரும் இரு துகள்கள் உருவாகின்றன. இச்சங்கிலி வினையே வேகத்துக்கு முக்கியக் காரணம். சாண எரிவாயுவிலோ 35 முதல் 45 விழுக்காடு வரை கார்பன் டை ஆக்சைடு இருக்கக்கூடும். அது எரியாமல் வெப்பத்தை மட்டும் உறிஞ்சுவதால் சுடர் மெதுவாகிறது.

இந்தியாவில் பயன்பாடு

18 விழுக்காடு ஐதரசன் கலந்த சி.என்.ஜி.யை வாகன எரிபொருளாக மத்திய அரசு 2020 செப்டம்பரில் அறிவித்தது. அடுத்த மாதம் டெல்லி ராஜ்காட் பணிமனையில் 50 பேருந்துகளில் இதன் சோதனை ஓட்டம் தொடங்கியது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் முறையில், சி.என்.ஜி.யின் ஒரு பகுதியே நீராவியுடன் வினைபுரிந்து ஐதரசனாக மாற்றப்படுகிறது.

கன அளவில் 18 விழுக்காடாக இருந்தாலும், கலவையின் வெப்ப ஆற்றலில் ஐதரசனின் பங்கு ஏறக்குறைய 6 விழுக்காடே. சுடர் வேகமும் சிறிதளவே கூடுகிறது. ஆயினும் காற்று மிகுந்த கலவையிலும் சுடர் அணையாமல் பரவுவதால், எரியாமல் வெளியேறும் மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் குறைகின்றன.

வரம்புகள்

ஐதரசனைக் கூட்டினால் வெப்பநிலை உயர்ந்து நைட்ரசன் ஆக்சைடுகள் பெருகும். சுடர் உள்ளிழுப்புக் குழாய்க்குள் திரும்பும் அபாயமும் உண்டு. எனவே கலவை விகிதத்தை மாற்றும்போது, காற்றின் அளவையும் தீப்பொறி நேரத்தையும் அதற்கேற்பச் சரிசெய்வது இன்றியமையாதது.