கடலில் செய்த பொருத்தனை

ஆறாத வடுக்கள் – 7

ஓர் இரவு லூயி ஸாம்பெரினி தன் எதிரியின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார். ஜப்பானியச் சிறைமுகாமில் பெல்ட்டின் பித்தளைக் கொக்கியால் தன் மண்டையில் அடித்த அதே காவலர். பிடி இறுக இறுக, எங்கிருந்தோ ஓர் அலறல். திடுக்கிட்டு விழித்தபோது அவர் கைகளுக்குள் இருந்தது மனைவி சிந்தியாவின் கழுத்து. சிந்தியா அப்போது கர்ப்பிணி.

இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. இடம், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ்.

ஸாம்பெரினி சாதாரண ஆள் அல்ல. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓடியவர். எட்டாவதாக வந்தாலும், கடைசிச் சுற்றில் அவர் காட்டிய வேகம் அரங்கத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 1943 மே மாதம் அவர் சென்ற குண்டுவீச்சு விமானம் பசிபிக் கடலில் விழுந்தது. பிழைத்த மூவரும் ரப்பர் மிதவையில் ஏறிக்கொண்டார்கள். சுற்றிலும் சுறாக்கள். ஒருவர் 33-ம் நாள் இறந்துபோனார். மற்ற இருவரும் 47 நாள் மிதந்து, மார்ஷல் தீவுகளில் ஜப்பானியர் கையில் சிக்கினார்கள். அதன் பிறகு ஸாம்பெரினி இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு முகாமாக மாற்றப்பட்டார். கைதிகள் ‘பேர்ட்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்த முட்சுஹிரோ வதனாபே, ஒலிம்பிக் வீரர் என்பதாலேயே அவரைத் தேடித் தேடி அடித்தார். ஒருமுறை கனத்த மரக்கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நிற்க வைத்தார்.

ஊர் திரும்பியவருக்கு வரவேற்பு, மாலை மரியாதை எல்லாம் கிடைத்தன. இரவானால் மட்டும் வதனாபே வந்துவிடுவார். தூக்கத்துக்குப் பயந்து குடித்தார், குடி முற்றியது. ஜப்பானுக்குப் போய் அந்த ஆளைத் தன் கையாலேயே கொல்ல வேண்டும் என்பது ஒன்றே வாழ்க்கையின் குறிக்கோளாகிப் போனது. பழைய அதிர்ச்சி இப்படி விடாமல் வதைக்கும் இந்த நோய்க்கு அன்று சரியான பெயர்கூட இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் இதைத் தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது 1980-ல்தான்.

சிந்தியா விவாகரத்துக்குத் தயாரானார். 1949 இலையுதிர் காலத்தில், வாஷிங்டன் தெருவும் ஹில் தெருவும் சந்திக்கும் மூலையில் பெரிய கூடாரம் போட்டு, பில்லி கிரஹாம் என்ற 30 வயதுப் பிரசங்கியார் எழுப்புதல் கூட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே போய்வந்த சிந்தியா, விவாகரத்து எண்ணத்தைக் கைவிட்டதாகச் சொன்னார். கணவரையும் கெஞ்சி அழைத்துப் போனார். முதல் நாள் ஸாம்பெரினி கோபத்தோடு எழுந்து வந்துவிட்டார். இரண்டாம் நாளும் பாதியில் எழுந்தார்.

வெளியேற எடுத்து வைத்த அடியிலேயே அந்த நினைவு வந்து மோதியது. கூடாரம் மறைந்தது, மறுபடி மிதவையில் கிடக்கிறார். நாக்கு வறண்டு, உதடு வெடித்துக் கிடந்த அந்த நாட்களில் வானத்தைப் பார்த்து ஒரு பொருத்தனை செய்திருந்தார்: என்னைக் காப்பாற்றினால் வாழ்நாள் முழுக்க உமக்கு ஊழியம் செய்வேன். அப்போது மழையும் பெய்தது. கரை சேர்ந்தவர் அந்த வார்த்தையை அடியோடு மறந்துபோயிருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான்காண்டுகளாக அவரைக் கொன்றுகொண்டிருந்ததும் பழைய நினைவுதான். அன்று அவரைத் திருப்பியதும் பழைய நினைவுதான். அடிபட்டதெல்லாம் ஞாபகம் இருந்தது, காப்பாற்றப்பட்டது மட்டும் மறந்திருந்தது. விசுவாசம் அவருடைய கடந்த காலத்தை அழிக்கவில்லை. அதில் விட்டுப்போன பக்கத்தை எடுத்துக் கொடுத்தது.

வாசலை நோக்கிப் போனவர் திரும்பி மேடையை நோக்கி நடந்தார். வீட்டுக்கு வந்ததும் மதுப் புட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து தொட்டியில் கவிழ்த்தார். அன்றிரவு வதனாபே கனவில் வரவில்லை. அதன் பிறகு ஒருபோதும் வரவில்லை என்று ஸாம்பெரினி கடைசிவரை சாட்சி சொன்னார்.

மறு ஆண்டே ஜப்பான் சென்று, டோக்கியோவின் சுகாமோ சிறையில் இருந்த தன் பழைய காவலர்களைத் தழுவிக்கொண்டார். வதனாபே அங்கே இல்லை. தலைமறைவாக இருந்து தண்டனைக்குத் தப்பிய அவர், 1998-ல் ‘மன்னித்துவிட்டேன்’ என்று கடிதம் எழுதிவைத்துக்கொண்டு ஸாம்பெரினி தேடி வந்தபோதும் சந்திக்க மறுத்துவிட்டார். அந்தப் பயணத்தில், தான் வதைபட்ட முகாம் இருந்த ஊரின் வழியாகவே ஒலிம்பிக் சுடர் ஏந்தி ஓடினார் ஸாம்பெரினி. வயது 81-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது.

எல்லோருக்கும் ஒரே இரவில் விடிந்துவிடுவதில்லை. வியட்நாமின் கிம் ஃபுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 ஜூன் 8 அன்று நாபாம் குண்டில் உடல் எரிந்து, ஆடையின்றி அழுதபடி ஓடிவந்த 9 வயதுச் சிறுமி. உலகம் முழுக்கத் தெரிந்த புகைப்படம். 14 மாத மருத்துவமனை வாசம், 17 அறுவைச் சிகிச்சைகள். 1982-ல் சைகோன் நூலகம் ஒன்றில் புதிய ஏற்பாட்டைப் படித்துக் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். ஆனாலும் வெறுப்பு உடனே போய்விடவில்லை. கோப்பை நிறைய இருந்த கறுப்புக் காப்பியைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே ஊற்றியதுபோல என்று அவரே அதை விவரித்திருக்கிறார். எதிரிகளுக்காக ஜெபிப்பதுதான் அந்த ஊற்றல். உடல் வலியோ விடவில்லை. 40 ஆண்டுகள் கடந்து, 2015-ல் மயாமியில் லேசர் சிகிச்சை தொடங்கினார். ஜெபிக்கிறவர் மருத்துவரிடம் போகலாமா என்று அவர் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

நம் சபைகளில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய நினைவில் நடுங்கி எழுகிறவரிடம் “உங்களுக்கு விசுவாசம் போதாது” என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், பேச விடுங்கள், சேர்ந்து ஜெபியுங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

(தொடரும்)