பிஸ்டனைக் காக்கும் எண்

மாஸ்டா எம்.எக்ஸ்-5 கார் 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. 1.6 லிட்டர் எஞ்சின், பின்சக்கர இழுவை, ஏறக்குறைய ஒரு டன் எடை. ஓட்ட அத்தனை சுகம். ஆனால் வேகம் போதாது என்று நினைத்த பலர் அதில் டர்போ மாட்டினார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தக் காரில் காற்று வரும் வழியில் ஒரு தகடு இருக்கும். காற்று தள்ளத் தள்ள அது திறக்கும். எவ்வளவு திறந்தது என்பதை வைத்து, எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று எஞ்சின் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். டர்போ முழுமூச்சாக ஊதும்போது தகடு கடைசிவரை திறந்துவிடுகிறது. அதற்கு மேல் வரும் காற்று கம்ப்யூட்டரின் கணக்கில் சேராது, பெட்ரோல் பற்றாக்குறையாகிவிடும். இதைச் சரிக்கட்ட, டர்போ அழுத்தம் ஏறும்போது பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றிவிடும் ரெகுலேட்டர்களை ஆரம்பகால டர்போ கிட்டுகளில் சேர்த்தார்கள். அது போதுமானதா என்பதை அளந்து பார்த்தால்தான் தெரியும்.

எதை அளப்பது? காற்றின் எடைக்கும் பெட்ரோலின் எடைக்கும் உள்ள விகிதத்தை. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். டர்போ காரில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது டியூனர்கள் பொதுவாக 11.5 முதல் 12 வரை வைப்பார்கள். உபரி பெட்ரோல் எரியறையின் சூட்டைத் தணிக்கும். அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது கலவை 'லீன்' ஆனால், அதாவது பெட்ரோல் குறைந்தால், சூடு ஏறும், நாக்கிங் வரும், அதாவது கலவை நேரம் தவறித் தானாகவே வெடிக்கும். அது நீடித்தால் பிஸ்டன் உடையும் அல்லது உருகும். ஓட்டுபவர் காதில் நாக்கிங் சத்தம் விழுவதற்குள் சேதம் நடந்திருக்கலாம்.

காரோடு வரும் பழைய ஆக்சிஜன் சென்சார் இந்த விகிதத்தை அளக்க உதவாது. பாஷ் தயாரித்த அந்தச் சென்சார் 1976-ல் வால்வோ கார்களில் முதலில் வந்தது. மாசைக் குறைப்பதற்காகப் பிறந்த கருவி அது. 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை மட்டும் 0.1 முதல் 0.9 வோல்ட்டுக்குள் சொல்லும், 11.5-க்கும் 13-க்கும் உள்ள வேறுபாட்டை நம்பகமாகக் காட்டாது. ஆக்சிலேட்டர் முழுதாக மிதிபடும்போது கம்ப்யூட்டரே அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடும்.

வைட்பேண்ட் சென்சார் வேறு ரகம். அதற்குள் ஒரு நுண்ணிய அறை. அங்கே ஆக்சிஜனை உள்ளே இழுக்கவோ வெளியே தள்ளவோ தேவைப்படும் மின்னோட்டத்தை வைத்து விகிதத்தைத் துல்லியமாகச் சொல்லும். பரவலாகப் பயன்படும் பாஷ் எல்.எஸ்.யு. 4.9 சுமார் 780 டிகிரி செல்சியஸில் வேலை செய்கிறது. அந்தச் சூட்டில் ஒரு துளி தண்ணீர் பட்டாலும் உள்ளிருக்கும் பீங்கான் விரிசல் விடும். அதனால்தான் எக்ஸாஸ்ட் குழாயின் அடியில் பொருத்தாமல், மேல்பக்கம் சாய்வாகப் பொருத்துகிறார்கள்.

வைட்பேண்ட் மீட்டர் காட்டுவதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் கசிவு இருந்தால் வெளிக்காற்று கலந்து, கலவை லீன் என்று பொய் சொல்லும். ப்ளக் சரியாகப் பற்றாவிட்டாலும் அதே கதைதான்: எரியாத ஆக்சிஜன் வெளியே வர, பெட்ரோல் தாராளமாக இருந்தும் மீட்டர் லீன் என்று காட்டும். இதை நம்பி இன்னும் பெட்ரோலைக் கூட்டுபவர் நோயை விட்டுவிட்டு வேறொன்றுக்கு வைத்தியம் பார்க்கிறார்.

எனவே எண்ணைப் பார்த்தால் போதாது, பதிவு செய்ய வேண்டும். ஆர்.பி.எம்., டர்போ அழுத்தம், விகிதம் மூன்றும் ஒரே வரைபடத்தில் இருக்கட்டும். 5,000 ஆர்.பி.எம். வரை 11.8-ல் நின்ற கோடு, 6,000-ஐத் தாண்டியதும் 12.5, 13 என்று மெல்ல ஏறினால், பெட்ரோல் பம்ப் மூச்சுவாங்குகிறதா, இன்ஜெக்டர் எல்லையைத் தொட்டுவிட்டதா என்று அங்கேயே சோதிக்கலாம். ஓட்டும்போது கண்ணுக்குத் தப்பும் அரை நொடி, பதிவில் தப்பாது.

இப்படி அளந்து பார்க்க இந்தியாவில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பங்கில் இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஒரு கிராம் எத்தனால் எரிய 9 கிராம் காற்றே போதும். அதனால் அதே அளவு எரிபொருளைத் தெளித்தால் கலவை லீன் பக்கம் நகரும். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் பழைய பெட்ரோலுக்கு எழுதிய டியூனிங்கை அப்படியே ஓட்டுவதற்கு அது சாக்கு ஆகாது. டர்போ காரை டியூன் செய்து வைத்திருப்பவர்கள், அடுத்த முறை ஆக்சிலேட்டரை முழுக்க மிதிப்பதற்கு முன் வைட்பேண்ட் பொருத்தி, இ20-ல் ஒருமுறை பதிவெடுத்துப் பார்த்துவிடுங்கள்.